பழைய ஃப்ளாட் வாங்கும் முன்: அரை மணி நேரத்தில் ரிப்பேர் கணக்கு

"கொஞ்சம் பெயின்ட் அடிச்சு, பாத்ரூமை மட்டும் லேசா பார்த்துட்டா போதும் சார். ரெண்டு லட்சத்துல வீடு புதுசு மாதிரி ஆயிடும்."

சென்னையில் பழைய ஃப்ளாட் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் தரகர் வாயிலிருந்து இதைக் கேட்டிருப்பார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சொல்கிறார். ஆனால் பழைய வீட்டில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான்.

வாடகைக்கு விடுவதற்காகப் பழைய ஃப்ளாட் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நான்கு வீடு பார்ப்போம். எல்லா வீட்டுக்கும் இன்ஜினியரை அழைத்துப் போக முடியாது. "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி டோக்கன் அட்வான்ஸோட வர்றாங்க" என்று வேறு சொல்வார்கள். அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது ரூபாய் அணா சுத்தமான எஸ்டிமேட் இல்லை. இந்த வீட்டுக்கு மூன்று லட்சம் ஆகுமா, எட்டு லட்சம் ஆகுமா என்று தெரிந்தால் போதும். அதை அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள முடியும். அந்த அரை மணியில் ஐந்து நிமிடம் பெருக்கல் கணக்குக்கு. மீதி முழுவதும் தேடுவதற்கு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டைல்ஸ் நிறத்தையும் கிச்சன் கப்போர்டையும் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

முதலில் பெருக்கல். விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்று இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அதில் மாடிப்படி, காரிடார், சுவர் எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். உள்ளே நாம் பெயின்ட் அடிக்கப்போவதும் டைல்ஸ் போடப்போவதும் 700 சதுர அடி, மிஞ்சிப்போனால் 750. பழைய கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவர் என்பதால் இன்னும் குறையலாம். கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வரையறுத்த பிறகு புது ஃப்ளாட்களில் இந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது. பழைய பத்திரங்களில் அப்படியேதான் இருக்கிறது. தரையில் இரண்டடி டைல்ஸ் இருந்தால் எண்ணினாலே போதும். இல்லையென்றால் ஒரு டேப்.

கீழே சொல்லும் விலைகள் எல்லாம் நடுத்தரமான பொருளுக்கு, கூலியும் சேர்த்து, சென்னைக்கு நான் போட்டுக்கொள்ளும் விலைகள். மதுரையிலோ கோவையிலோ கூலி வேறாக இருக்கும். உங்கள் ஊர் மேஸ்திரியிடம் கேட்டு எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் மாறாது.

பெயின்ட்டுக்குத் தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்குகிறேன். ஏன் மூன்றரை? பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தரை 120 சதுர அடி. பத்தடி உயரத்துக்கு நான்கு சுவரும் சேர்ந்து 440, மேலே சீலிங் 120, கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 510. அதாவது தரையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். பன்னிரண்டுக்கு இருபது ஹாலில் இதே கணக்கைப் போட்டால் மூன்றே கால் மடங்கு சொச்சம் வரும். பாத்ரூமிலும் கிச்சனிலும் டைல்ஸ் போக மிச்சச் சுவருக்குத்தான் பெயின்ட். வீடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்றரை சரியாக வருகிறது. 700 சதுர அடி வீட்டுக்கு 2,450. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர், அங்கங்கே பட்டி பார்த்து, பிரைமர், இரண்டு கோட் என்றால் சதுர அடிக்கு 25 ரூபாய். மொத்தம் 61,000. சுவரில் பழைய டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ இருந்து, சுரண்டி எடுத்து முழுக்கப் பட்டி வைக்க வேண்டும் என்றால் 40 ரூபாய். அப்போது 98,000. விரலால் சுவரைத் தேயுங்கள். மாவு ஒட்டினால் இரண்டாவது விலை.

தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், பேஸ்ட், கூலி, ஸ்கர்ட்டிங், சேதாரம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 140. அது 98,000. கிச்சன் மேடைக்குக் கிரானைட், சிங்க், மேலே இரண்டடி டைல்ஸ், கீழே மட்டும் கப்போர்டு என்றால் 80,000.

இனி பாத்ரூம். ஐந்துக்கு எட்டு பாத்ரூமின் தரை 40 சதுர அடிதான். ஆனால் ஏழடி உயரம் வரை சுவர் டைல்ஸ் போட்டால், கதவு போக 165 சதுர அடி. தரையோடு சேர்த்து 200 தாண்டுகிறது. அதற்கு மேல் இடிப்பு, வாட்டர்ப்ரூஃபிங், கன்சீல்டு லைன், கிளாசெட், குழாய்கள். ஒரு பாத்ரூமை அடியோடு மாற்ற 1,60,000 போட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கு 3,20,000.

எல்லாவற்றையும் கூட்டுங்கள். 5,59,000 வருகிறது. இதில் 3,20,000 எங்கே போகிறது? 700 சதுர அடியில் வெறும் 80 சதுர அடிக்கு. அதனால்தான் "ஸ்கொயர் ஃபீட்டுக்கு 800 ரூபாய், முழு வீடும் பண்ணிக் கொடுத்துடுறோம்" என்கிற விலையை நான் நம்புவதில்லை. இரண்டு பாத்ரூம் உள்ள 700 சதுர அடி வீட்டுக்கும் இரண்டு பாத்ரூம் உள்ள 1,000 சதுர அடி வீட்டுக்கும் ரிப்பேர் செலவில் பெரிய வித்தியாசம் வராது. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டுக்கும் மூன்று பாத்ரூம் உள்ள வீட்டுக்கும்தான் வரும். தண்ணீர் புழங்கும் இடங்களை எண்ணுங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

தரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய ஃப்ளாட்களில் மொசைக் தரை இருக்கும். அதைப் பார்த்ததும் உடைத்து எறியத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. தயவுசெய்து உடைக்காதீர்கள். கால் முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். அடியில் பொள்ளல் சத்தம் வராமல், விரிசலும் இறக்கமும் இல்லாமல் இருந்தால் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டாலே போதும். சதுர அடிக்கு 30 ரூபாய். 98,000 செலவு 21,000 ஆகிவிடும். நன்றாகப் பாலிஷ் ஏறிய மொசைக் போல வெயில் காலத்தில் காலுக்கு இதமான தரை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

உடைத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போடுங்கள். மொசைக்கும் அதன் அடியில் இருக்கும் கலவையும் சேர்ந்து மூன்று அங்குலம் என்றால், ஒரு சதுர அடிக்கு சுமார் 15 கிலோ எடை. 700 சதுர அடிக்குப் பத்து டன்னைத் தாண்டிவிடும். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியிலிருந்து 30 கிலோ மூட்டையாக இறக்கினால் 350 மூட்டை. குட்டியானை வண்டியில் ஏற்றினால், ஒரு நடைக்கு முக்கால் டன் என்று வைத்தாலும் பதினான்கு நடை. சென்னை மாநகராட்சியில் கட்டட இடிபாட்டைத் தெருவோரம் கொட்டினால் அபராதம் உண்டு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதற்கென்று பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. அதுவரை கொண்டுபோகும் செலவு நம்முடையது. மேஸ்திரி தரும் எஸ்டிமேட்டில் "ரப்பீஸ் தனி" என்று கடைசி வரியில் இரண்டு சொல்லாகத்தான் இது இருக்கும். தரை உயரம் இடம் கொடுத்தால் பழைய தரை மேலேயே பேஸ்ட் போட்டு டைல்ஸ் ஒட்டலாம். கதவுகளின் அடியைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது கண்ணுக்குத் தெரியும் செலவு. இனி தேட வேண்டியவை.

முதலில் தண்ணீர். நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று அந்தப் பாத்ரூமைப் பார்த்தால் தெரியாது. கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். "மேல் வீடு வாங்கலாம்னு பார்க்கிறோம்மா, உங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு நிமிஷம் பார்த்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அவர்களுக்கும் யாராவது வந்து அந்த ஒழுகலைச் சரிசெய்ய மாட்டார்களா என்ற ஆசை இருக்கும். அங்கே சீலிங்கில் கறை, உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, காரை உதிர்ந்து கம்பி தெரிவது, குழாய் மூட்டில் சொட்டுவதற்கு அடியில் பக்கெட் வைத்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் பாத்ரூமை அடியோடுதான் மாற்ற வேண்டும். குழாயையும் கிளாசெட்டையும் மட்டும் மாற்றி 40,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிறகு உங்கள் வீட்டுப் பாத்ரூமின் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். அங்கே கறை இருந்தால் ஒழுகுவது மேல் வீடு. அதற்கான செலவு உங்கள் கையில் இல்லை. மேல் வீட்டுக்காரர் மனதில் இருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருந்து, வீட்டில் வாடகைக்காரர் இருந்தால் அது இழுத்துக்கொண்டே போகும். மேல் வீட்டுக்காரரிடம் பேசி அவர் சரிசெய்வதாக ஒப்புக்கொள்ளும் வரை நான் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை வருகிறதா? அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சுற்றிப்போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பாத்ரூமாகவோ, மழைநீர்க் குழாய் இறங்கும் இடமாகவோ இருக்கும். தரைத்தளமாக இருந்தால் ஸ்கர்ட்டிங்குக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் கையை வைத்துத் தடவுங்கள். ஓதம் ஏறியிருந்தால் பெயின்ட் உப்பிப் பொருக்குத் தட்டியிருக்கும். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி உரியும். நான்கடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலவையில் மறுபூச்சு பூச வேண்டும்.

தரைத்தளத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பார்ப்பவர்கள் இதைக் கேட்காமல் நகரக் கூடாது. விற்பவரைக் கேட்பதைவிட எதிர்வீட்டுப் பெரியவரையோ இஸ்திரிக்காரரையோ கேளுங்கள். இபி மீட்டர் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கத்தைவிட மேலே ஏற்றி மாட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பிளைவுட் கப்போர்டு எதுவும் செய்யக் கூடாது. கடப்பா கல் பலகையும் அலுமினியக் கதவும்தான் நிற்கும்.

மேல்மாடி ஃப்ளாட் என்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, ஓடுகளின் இடுக்கில் செடி முளைத்திருக்கிறதா, தண்ணீர் வடிகுழாய் பக்கம் ஓடுகிறதா, நடுவில் தேங்கிய பாசிக்கறை இருக்கிறதா? 1,500 சதுர அடி மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து கூலிங் டைல்ஸ் ஒட்டினால், சதுர அடிக்கு 120 என்று வைத்து 1,80,000 ஆகும். எட்டு வீடும் பங்கு போட்டால் ஒருவருக்கு 22,500. "எங்களுக்கா ஒழுகுது?" என்று கீழ் வீட்டுக்காரர்கள் கைவிரித்தால் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் மாடியைப் பார்த்த கையோடு அசோசியேஷன் செகரட்டரியைப் பாருங்கள். கையிருப்பில் நிதி இருக்கிறதா, கடைசியாக எப்போது எல்லோரும் சேர்ந்து பெரிய வேலை செய்தார்கள், மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? இந்தப் பதில்கள் எனக்கு டைல்ஸ் விலையைவிட முக்கியம்.

அடுத்தது கம்பி. இதற்கு வீட்டுக்குள் போக வேண்டியதே இல்லை. கார் பார்க்கிங்கின் சீலிங்கைப் பாருங்கள். வீட்டுக்குள் பெயின்ட்டால் மறைக்கலாம். பார்க்கிங்கை யாரும் மறைப்பதில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. நாள்பட நாள்பட அது குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று துருவை விரைவுபடுத்தும். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட கட்டடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி துருவாகும்போது பருமன் கூடும். மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளி உதிர்க்கும். சன்ஷேடிலும் பால்கனி ஓரத்திலும் கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம் குறைவு என்பதால் அங்கேதான் முதலில் தெரியும். அது மட்டும் என்றால் பயமில்லை. கொத்தி, துருவை எடுத்து, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைத்துவிடலாம். பார்க்கிங் சீலிங்கில் பரவலாகக் கம்பி தெரிகிறது, அல்லது தூண்களில் கம்பி போகும் வழியே நெடுக்காக விரிசல் ஓடுகிறது என்றால் என் அரை மணி நேரக் கணக்கு அங்கே நின்றுவிடும். அதற்கு மேல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். சில ஆயிரங்கள் ஃபீஸ் கொடுத்து அவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் தூணே இருக்காது; செங்கல் சுவர்தான் மேல்தளங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும். "ஓபன் கிச்சன் வெச்சா வாடகை ஏறும்" என்று அந்தச் சுவரை இடிப்பது கொலைக்குச் சமம். மேலே ஒரு குடும்பம் தூங்குகிறது.

ஒயரிங் சுலபம். ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே அலுமினிய ஒயரோ, விரிசல் விட்ட பழைய ரப்பர் உறையோ இருந்தால், அல்லது எர்த் ஒயரே இல்லையென்றால், முழு வீட்டையும் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் பாயிண்ட் கணக்கில் விலை சொல்வார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 55 பாயிண்ட், ஒன்றுக்கு 1,400 என்றால் 77,000. அதோடு புது டிபி, ஷாக் அடித்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி, கீழே மீட்டரிலிருந்து வீடு வரை வரும் மெயின் ஒயர். ஒரு லட்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஏசி போடுகிற வாடகைக்காரர் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நாம் இல்லாத வீட்டில் இன்னொருவர் பிள்ளைகள் அந்த சுவிட்சைத் தொடப்போகிறார்கள்.

மரவேலைக்கு அதிக நேரம் வேண்டாம். வாசக்காலின் அடிப்பகுதியைச் சாவியால் அழுத்துங்கள். உள்ளே போனால் கரையான். நல்ல தேக்கு நிலையாக இருந்தால் சிராய்த்துப் பாலிஷ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த மரத்தை வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும்.

இப்போது கையில் ஒரு தொகை இருக்கும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் 5,59,000 ரூபாயோடு ஒயரிங் ஒரு லட்சம். தேடியதில் ஈரம் எதுவும் கிடைக்காத வீட்டுக்கு அதன் மேல் பத்து சதவீதம் கூட்டுகிறேன். ஈரம் கண்ட வீட்டுக்கு இருபத்தைந்து. ஈரம் இருக்கும் இடத்தில் கொத்திப் பார்த்த பிறகுதான் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

இதோடு எல்லோரும் மறக்கும் ஒரு செலவு, நாட்கள். 50 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டி என்றால் மாதம் 35,400. வேலை இரண்டு மாதம் நடந்தால் 70,800 ரூபாய் வட்டி மட்டும். அந்த இரண்டு மாதமும் வாடகை இல்லை, மெயின்டனன்ஸ் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வேலை தொடங்கினால் பூச்சும் பட்டியும் காயாமல் நாட்கள் இன்னும் இழுக்கும்.

தொகை வந்தாயிற்று. இது நியாயமான தொகைதானா என்று எப்படி முடிவு செய்வது? அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ரிப்பேர் பண்ணின பிறகு விற்கிற விலையில எழுபது சதவீதம் எடுத்து, அதுல ரிப்பேர் செலவைக் கழிச்சா வாங்க வேண்டிய விலை வந்துடும்ங்கிறாங்களே?" அது வாங்கி, புதுப்பித்து, சில மாதங்களில் விற்பவர்களுக்கான கணக்கு. தமிழ்நாட்டில் பத்திரம் பதியும்போதே முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என்று ஒன்பது சதவீதம் போய்விடுகிறது. இரண்டு வருடத்துக்குள் விற்றால் லாபத்தை நம் மற்ற வருமானத்தோடு சேர்த்து அதே விகிதத்தில் வரி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, இங்கே பழைய ஃப்ளாட்டின் விலையைத் தீர்மானிப்பது இடமும் யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கும்தான். உள்ளே இருக்கும் டைல்ஸுக்கு அடுத்து வாங்குபவர் பைசா தர மாட்டார்.

நமக்கு அளவுகோல் வாடகைதான். அதே தெருவில் பழைய நிலையில் இருக்கும் வீட்டுக்கும் புதுப்பித்த வீட்டுக்கும் வாடகை என்ன வித்தியாசம் என்று விசாரியுங்கள். பழையது 18,000, புதுப்பித்தது 23,000 என்று வையுங்கள். வித்தியாசம் 5,000. அதை 120 மாதத்தால் பெருக்கினால் ஆறு லட்சம். பத்து வருடத்தில் வாடகை உயர்வாகத் திரும்பி வராத செலவை அழகுக்காக நான் செய்ய மாட்டேன். அதாவது ஆறு லட்சம்தான் உச்சவரம்பு. அறுபது லட்சம் கொடுத்து வாங்கிய வீடு 18,000 வாடகையில் வருடத்துக்கு 3.6 சதவீதம்தான் தருகிறது. ரிப்பேருக்குப் போட்ட ஆறு லட்சம் பத்து சதவீதம் தருகிறது. ஆகவே சரியான ரிப்பேர் நல்ல முதலீடு. அதற்கு மேல் இன்னொரு மூன்று லட்சம் போட்டு ஃபால்ஸ் சீலிங்கும் மாடுலர் கிச்சனும் வைத்தால் வாடகை ஆயிரம் ஏறும். அது நான்கு சதவீதம். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஒழுகலும் கம்பியும் ஒயரும் இந்தக் கணக்கில் வராது. அவற்றைச் செய்வதால் வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாது. செய்யாவிட்டால் ஆள் நிற்க மாட்டார். அவற்றை வீட்டு விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 லட்சம் வீட்டில் அந்த வகைச் செலவு நான்கு லட்சம் என்றால் அது 64 லட்சம் வீடு. விற்பவரிடம் பேரம் பேச வேண்டியதும் இதை வைத்துத்தான். "பெயின்ட் சரியில்லை, டைல்ஸ் பழசு" என்று தொடங்கினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். அதெல்லாம் பார்த்துத்தானே வந்தீர்கள் என்பார்கள். கீழ் வீட்டுச் சீலிங்கின் போட்டோ, கழற்றிய சுவிட்ச் போர்டின் போட்டோ, அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை. ஒரு பக்கத் தாளில் இதை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறும்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, வாட்ச்மேனிடமும் செகரட்டரியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியது: "பில்டர் யாராவது வந்து பேசினாங்களா?" 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். முன்பு ஒருவர் மறுத்தாலும் நின்றுபோன பேச்சுகள் இப்போது நகர்கின்றன. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அடையாறு பக்கம் எட்டு வீடு, பத்து வீடு உள்ள முப்பது வருடக் கட்டடங்களில் இந்தப் பேச்சு சகஜம். அப்படி ஓடிக்கொண்டிருந்தால் ஒயரையும் ஒழுகலையும் மட்டும் பாதுகாப்புக்காகச் சரிசெய்து, சுவருக்கு ஒரு கோட் அடித்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். மூன்று வருடத்தில் இடிக்கப்போகும் பாத்ரூமுக்கு 1,60,000 எதற்கு?

வேலை தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்துக்கு வரி கட்டும்போது, பழைய வரி முறையோ புதியதோ, முப்பது சதவீதம் தானாகக் கழித்துக்கொள்ளலாம். ரிப்பேர் செலவைத் தனியாகக் காட்ட முடியாது. ஆனால் வீட்டை மேம்படுத்தச் செய்த பெரிய வேலைகளின் செலவை, பின்னால் விற்கும்போது அடக்க விலையோடு சேர்த்துக் காட்டலாம். பில் இல்லையென்றால் அதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு டேப், ஒரு நாணயம், டார்ச், டெஸ்டர் எடுத்துப் போங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். டோக்கன் அட்வான்ஸ் கேட்டு எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கீழ் வீட்டுச் சீலிங், பார்க்கிங் சீலிங், மொட்டை மாடி மூன்றையும் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். கழற்றிய சுவிட்ச் போர்டையோ கீழ் வீட்டையோ பார்க்க விடாமல் விற்பவர் தடுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். முப்பது வருடப் பழைய ஃப்ளாட் சென்னையில் எப்போதும் எங்காவது விற்பனைக்கு இருக்கும்.